பட்டினிச் சம்மனசு

— ...இன்னும் ரெண்டே நிமிஷம் நொயல் அங்கிள். செட்டை அடிக்குதான்னு பாத்துட்டு வந்துடறேன்.

— வெளியில வாரும் யுவனேஸ்வரி. உதட்டைக் கண்ணாடியில பாத்தீரோ? நாவற்பழம் திண்டவள் மாதிரி இருக்கு. குளிர் அறைக்குள்ள நிக்க வேண்டியது நத்தை, நீரில்லை.

— இருக்கு அங்கிள்.

— என்ன இருக்கு?

— உயிர். இப்பதான் மேல எழும்புச்சு.

— சரி... அப்ப இண்டைக்கும் டிக்கெட் போடேலாது.

— போட முடியாது.

— ஒரு சீவன் உயிரோட கிடக்கு எண்டு கேட்டு, ரெண்டு பேர் மூஞ்சையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்கிறம். ஆரும் கண்டால் சொத்துக்குக் காத்து நிக்கிற மருமக்கள் எண்டுதான் நினைப்பினம்.

— சிரிக்க வைக்காதீங்க லா. குளிர்ல கன்னம் வலிக்குது.

— கதவை இழுத்துச் சாத்தும். இந்தாரும் என்ர ஜாக்கெட். மணத்தைப் பாக்காதேயும், நேற்று என்ர மனிசி மாக்கிறேட் மீன் பொரிக்கேக்க குசினியில கொழுவிக் கிடந்தது.

— தேங்க்ஸ் அங்கிள்.

— புட்டும் கட்டித் தந்தவ. உமக்கும் சேத்துத்தான். சாப்பிட்டீரோ?

— பசியாறிட்டேன்.

— எப்ப?

— காலையில.

— என்னத்தை?

— கோப்பி.

— கோப்பியைச் சாப்பாடு எண்டு மலேசியாவிலதான் சொல்லுவினம். இந்தக் கதிரையில இரும். பெட்டியைத் திறக்கிறன்.

— அப்புறம் அங்கிள். ப்ளீஸ்.

— ...அண்ணன் எடுத்தவரோ?

— ரவீன் அண்ணன் காலையில ரெண்டு தடவை கூப்பிட்டாரு. அப்பாவைப் பாக்கணும்னா இப்பவே கிளம்பி வந்துடுன்னு சொன்னாரு. நேத்தும் அதையேதான் சொன்னாரு. நேத்து கத்தினாரு, இன்னிக்குக் கத்தல.

— கத்தாமல் சொன்னால் அதுதான் கூடாது பிள்ளை.

— தெரியும்.

— விழுங்கேலாமத்தான் கிடக்கிறாரோ இன்னும்?

— ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து அப்படித்தான். மூக்கு வழியா விட்ட குழாயை அவரே ரெண்டு தடவை பிடுங்கிட்டாரு. அப்புறம் வயித்துல ஓட்டை போட்டுக் குழாய் வைக்கறதைப் பத்திக் கேட்டாங்க. வீட்ல வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க. இப்ப பஞ்சுல தண்ணி தொட்டு உதட்டை நனைக்கறதோட சரி.

— மாதாவே... அப்ப நீர் இஞ்ச நிண்டு என்ன செய்யிறீர்?

— அதான் சொன்னேனே. தொட்டியில இருக்கற கடைசி நத்தை சாகற வரைக்கும் ஒரே ஆள் பாக்கணும், ஒரே ஆள் அளக்கணும். இடையில ஆள் மாறினா எல்லாம் போச்சு.

— தொட்டி கழுவுற நான் அளக்கமாட்டனோ? மைக்ரோஸ்கோப்புக்குக் கீழ வைக்கிறது, தலையில இருந்து வால் வரை பாக்கிறது. நீரே காட்டித் தந்தனீர். என்ர கை நடுங்காது. மன்னாரில வலைக்கு ஊசி கோத்த கை.

— இல்ல அங்கிள். நான்தான் இருக்கணும்.

— உம்மட பேராசிரியரைக் கேட்டுப் பாப்பமே?

— அவங்க கப்பல்ல இருக்காங்க. தெற்கு நோக்கிப் போயிட்டாங்க.

— கப்பலுக்கும் ஈமெயில் போகும்.

— அங்கிள், விடுங்களேன்.

— சரி, விட்டிட்டன்... வேற கதை கதைப்பம். முந்தாநாள் ராத்திரி மாக்கிறேட் கேட்டவ, அந்த அறைக்குள்ள என்னத்தைத்தான் வைச்சுப் பாக்கிறியள் எண்டு. ஏஞ்சல் எண்டு பேர், எங்கட கோயிலில எண்டால் சம்மனசு எண்டுவம் எண்டு சொன்னன். அவ்வளவுதான். விடிய எங்கட ரோவில் பக்கத்துச் செபமாலைக் குழு வாட்ஸப்பில செய்தி போயிட்டுது, நொயலுக்குச் சம்மனசுகளோட வேலை எண்டு. அதில இருக்கிற ஜெனோஜாவின்ர தாய் படம் கேட்டவ. அனுப்பினன். பின்னேரம் அதே படம் கனடாவில இருந்து எனக்கே திரும்பி வந்துது, மேகத்தில கண்ட காட்சி, பத்துப் பேருக்கு அனுப்புங்கோ எண்டு.

— அனுப்பினீங்களா?

— அனுப்பாமல்? நன்மை கிடைக்குமெண்டு போட்டிருந்தது. எண்டாலும் அவவுக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெரியேல்ல. நான் விளங்கின மாதிரிச் சொல்லுறன், பிழையெண்டால் திருத்தும். இது ஒரு நத்தை.

— ஆமா. ஓடு இல்லாத நத்தை.

— பிறக்கேக்க ஓடு இருக்கும். கொஞ்ச நாளில கழட்டி எறிஞ்சுபோட்டு நீந்த வெளிக்கிட்டிடும்.

— ஆமா. ஊர்ந்து போற பாதம்தான் ரெண்டா விரிஞ்சு செட்டை மாதிரி ஆயிடுச்சு.

— விசர் சாமான். வீட்டைத் தூக்கி எறிஞ்சுபோட்டு நடுக்கடலுக்குப் போனது. நான் கதைக்கப்படாது, நானும் உதைத்தான் செய்தனான். பிறகு, ஒவ்வொண்டும் ஆணும்தான் பெண்ணும்தான்.

— ரெண்டும்தான். ஆனா முட்டை போட இன்னொண்ணு வேணும். தனியா முடியாது.

— அது திண்ணுறது ஒரேயொரு சாப்பாடு. அதின்ர சொந்தக்கார நத்தை. அதுக்கு ஓடு இருக்கும், அதுவும் நீந்தும், பேர் கடல் வண்ணத்துப்பூச்சி. பக்கத்துத் தொட்டியில உம்மோட படிக்கிற அனோஜ் தம்பி வைச்சிருக்கிறது.

— ஆமா. அதைத் தவிர வேற எதையும் தொடாது. இறால் குஞ்சு போட்டாலும் திரும்பிப் பாக்காது.

— சொந்தக்காரரைத் திண்டு சீவிக்கிறது. எங்கட ஆக்கள்தான். பிறகு, கடல் புளிச்சுக்கொண்டு வருது.

— நாம விடற புகையெல்லாம் கடல் குடிக்குது. அதனால தண்ணி மாறுது. குளிர்ந்த கடல்ல இன்னும் வேகமா. அந்தத் தண்ணியில வண்ணத்துப்பூச்சியோட ஓடு கரையும். அனோஜ் அதைத்தான் பாக்கறான்.

— ஓடு கரைஞ்சால் அது இல்லை. அது இல்லாட்டில் சம்மனசுக்குச் சோறு இல்லை. சோறு இல்லாட்டில் எவ்வளவு காலம் தாக்குப் பிடிக்கும் எண்டு பாக்க, நீர் பட்டினி போட்டு வைச்சிருக்கிறீர். சரியோ?

— சரி. வடக்குக் கடல்ல இருக்கறது ஏறக்குறைய ஒரு வருஷம் ஒண்ணும் சாப்பிடாம இருந்திருக்கு. தெற்குது எவ்வளவு தாங்கும்னு சரியாத் தெரியாது. முதல்ல கொழுப்பை எடுத்துச் சாப்பிடும். அது தீர்ந்ததும் தன் உடம்பையே. நீளம் குறையும். அகலம் குறையும். ஆனா உருவம் கெடாது. அதே தலை, அதே செட்டை, எல்லாம் சின்னதா. அப்பாவும் இப்ப அப்படித்தான் இருக்காரு. வீடியோவில பாத்தேன். அதே மூக்கு, அதே மீசை—

— காணும் பிள்ளை.

— தோள்ல சட்டை நிக்கல. முதல்ல கொழுப்பு, அப்புறம் தசை. ஒரே வரிசைதான்.

— காணும் எண்டுறன். உதுக்கெல்லாம் ஆரிட்டையும் அனுமதி எடுக்கத் தேவையில்லையோ? எலிக்கெண்டால் ஏதோ குழு இருக்கெண்டு சொன்னாங்கள்.

— முதுகெலும்பு இருந்தாத்தான் அங்கிள். நத்தைக்குத் தேவையில்ல.

— முதுகெலும்பு இல்லாட்டில் பட்டினி போடலாமோ? அப்ப என்னையும் போடலாம். மாக்கிறேட்டைக் கேட்டால் கையெழுத்துப் போட்டுத் தருவா.

— அங்கிள்...

— எங்களிலயும் உந்தப் பரிசோதனை செய்தவங்கள், வன்னியில. சண்டையின்ர கடைசி மாசங்களில. ஆரிட்டையும் அனுமதி எடுத்ததாத் தெரியேல்ல. முடிவை எந்தப் புத்தகத்தில போட்டவங்களோ, நான் இன்னும் வாசிக்கேல்ல. பகிடி பிள்ளை. சிரியும்.

— சிரிக்க முடியல.

— ஓம்... முதல் தரம் கேக்கிற ஆக்களுக்குச் சிரிப்பு வராது. சரி, நீர் ஒரு கதை சொல்லும். கப்பலில பாத்தது ஏதும்.

— கப்பல்ல... வலையில ஒரு சின்னப் பூச்சி வந்துச்சு. பயறு அளவுதான் இருக்கும், இறாலுக்குச் சொந்தம். முதுகுல ஏதோ மூட்டை. மைக்ரோஸ்கோப்ல வச்சுப் பாத்தா, முதுகுல நம்ம சம்மனசு. உயிரோட. பின்னங்கால் ரெண்டு ஜோடியால இறுக்கிப் பிடிச்சிருக்கு.

— திண்ணவோ?

— இல்ல. அந்தப் பூச்சியை மீன் தின்னும். ஆனா சம்மனசோட உடம்புல ஒரு மருந்து இருக்கு, மீனுக்கு ஆகாது. வாயில போட்டாக்கூட துப்பிடும். அதனால இது அதைக் கடத்திட்டு வந்து தோள்ல போட்டுக்குது. மீன் கிட்ட வராது.

— கெட்டிக்காரன். ரெண்டு பேரும் தப்பினதுதானே.

— தூக்கிட்டுப் போறது தப்பிச்சிடும். முதுகுல இருக்கறது எப்படிச் சாப்பிடும்? பிடியை விடாது. அங்கேயே கிடந்து தேயும்.

— ம்... மீனும் திண்ணாது, தானும் திண்ணாது. அகதியாக் கிறிஸ்மஸ் தீவுக்கு வந்த வள்ளத்தில நானும் அப்பிடித்தான் கிடந்தனான். காசு வாங்கி என்னை ஏத்தினவனுக்கு நல்ல சுகம். உம்மட போன் அடிக்குது.

— அடிக்கட்டும்.

— அண்ணனோ?

— ஆமா.

— எடும்.

— எடுத்தா வான்னு சொல்லுவாரு.

— சொல்லட்டும். எடும்.

— ...நின்னுடுச்சு.

— நீர் எடுக்காட்டில் நிக்கும்தானே. உமக்கென்ன பிடிச்சிருக்கு பிள்ளை?

— அங்கிள், உங்களுக்குத் தெரியுமா, ஈப்போவுல எங்க தெருவுல எல்லாருக்கும் நான் டாக்டர். பல்கலைக்கழகத்துல டாக்டர் பட்டத்துக்குப் படிக்கறேன்னு அப்பா ஒரு தடவை சொல்லிட்டாரு. அவரு ஸ்கூல் பஸ் ஓட்டினவரு, ஏறி இறங்கற எல்லா அம்மாகிட்டயும் சொல்லியிருக்காரு. அதுக்கப்புறம் யாரு கேப்பா என்ன டாக்டர்னு? போன தடவை போனப்ப வேதவல்லி அத்தை முட்டியைக் காட்டி மருந்து எழுதித் தரச் சொன்னாங்க.

— என்ன எழுதினீர்?

— தினமும் நடங்கன்னு சொன்னேன்.

— நத்தை டாக்குத்தர் நடக்கச் சொன்னவ. நல்லாயிருக்கு.

— வலி குறைஞ்சிடுச்சாம் லா. அதுதான் மோசம். அதுலேருந்து நான் பெரிய டாக்டர். அப்பாவுக்கு ஆனதும் ஆஸ்பத்திரியில சொல்றதை எல்லாம் அண்ணன் எனக்குப் போன்ல வாசிச்சுக் காட்டுவாரு. நீ பட்டினி பத்தித்தானே படிக்கறே, அப்பா இன்னும் எவ்வளவு தாங்குவாரு, நீ சொல்லுன்னாரு.

— நீர் என்ன சொன்னீர்?

— அது நத்தை, இது அப்பான்னு சொன்னேன்.

— நல்ல பதில்.

— அண்ணன் அழுதுட்டாரு.

— ...திரும்ப அடிக்குது.

— இருக்கட்டும். இது செத்ததும் நானே கூப்பிடறேன். அன்னிக்கே ஏறிடுவேன். கோலாலம்பூர் போய், அங்கேருந்து பஸ். சாயங்காலத்துக்குள்ள வீடு.

— இது செத்ததும்.

— ஆமா. இனி ரொம்ப நாள் தாங்காது அங்கிள். பாத்தீங்கல்ல, எவ்வளவு மெலிஞ்சு—

— அது சாகாது.

— எல்லாம் சாகும் அங்கிள்.

— சாகாது எண்டுறன். மெலியவும் இல்லை. நீரும் நானும் ஒரே தொட்டியைத்தான் பாக்கிறம்.

— என்ன சொல்றீங்க?

— நான் சாப்பாடு குடுக்கிறன் பிள்ளை. குறுக்க கதையாதேயும். சொல்லி முடிச்சிடுறன், இல்லாட்டில் பகிடி விட்டுத் தப்பியிடுவன். மற்றது செத்த பிறகு இது தனிச்சுப் போச்சு. ஒரு வெள்ளிக்கிழமை, நீர் வரேல்ல. தொட்டி கழுவப் போனன். கண்ணாடிப் பக்கமா வந்து செட்டை அடிச்சுது. அதுக்கு என்னைத் தெரியாது எண்டு எனக்குத் தெரியும். எண்டாலும்... அனோஜின்ர தொட்டியில அடியில நோஞ்சானாக் கிடந்த வண்ணத்துப்பூச்சி ஒண்டைச் சொட்டுக் குழாயால உறிஞ்சி எடுத்து இதில விட்டன். அப்பதான் அது சாப்பிடுறதைக் கண்டனான். கோயில் சுரூபம் மாதிரி இருந்த தலை பிளந்துது. உள்ளுக்க இருந்து ஆறு கை வந்துது. ஓட்டோட கட்டிப் பிடிச்சு, வாசல் எங்க எண்டு திருப்பித் திருப்பிப் பாத்து, கொளுக்கி மாதிரி ஏதோ விட்டு, சதையை ஒண்டாய் இழுத்து முழுங்கிச்சுது. ஓடு மட்டும் உடையாமல் கீழ போய் விழுந்துது. பயந்துபோனன் பிள்ளை. சம்மனசு எண்டு பேர் வைச்சவன் அது சாப்பிடேக்க பாக்கேல்ல. ஆனால் நான் அவ்விடத்திலயே நிண்டனான். ஆரும் சாப்பிட்டால் பாத்துக்கொண்டு நிக்கிறது எனக்கொரு வருத்தம். வன்னியால வந்த பிறகு பிடிச்ச வருத்தம், அதுக்கு இன்னும் மருந்தில்லை.

— ...பிறகும் குடுத்தீங்களா?

— ஓம். உம்மட அப்பாவுக்கு இப்பிடி எண்டு கேள்விப்பட்ட உடன நிப்பாட்டினனான். இது போனால்தானே நீர் போவீர். ஒரு கிழமை தாக்குப் பிடிச்சன். அது தாக்குப் பிடிச்சுது, நான்தான் பிடிக்கேல்ல. பேந்தும் குடுத்திட்டன். கோயிலில முழங்காலில நிண்டு, பிள்ளை தகப்பனைப் போய்ப் பாக்க வேணும் எண்டு மாதாவிட்ட நேர்றது. திங்கட்கிழமை இஞ்ச வந்து, நீர் போகேலாதபடி பாத்துக்கொள்ளுறது. மாதாவுக்கே தலை சுத்தியிருக்கும்.

— அங்கிள்...

— உம்மட கணக்கெல்லாம் என்னால பிழைச்சுப் போச்சு. பேராசிரியருக்கு நானே எழுதுறன், பிள்ளையில பிழையில்லை, இந்தக் கிழட்டு மடையன் செய்தது எண்டு. வேலையை எடுத்தால் எடுக்கட்டும். நீர் இனிக் காத்து நிக்க ஒண்டுமில்லை. இப்பவே டிக்கெட் போடும். கிளேட்டனில இருந்து எயார்போட் வரைக்கும் நான் கொண்டுபோய் விடுறன். வாரும். ஏசும் பிள்ளை. கையில கிடக்கிறதைத் தூக்கி எறியும்.

— தெரியும் அங்கிள்.

— என்ன தெரியும்?

— நீங்க குடுக்கறது. மறுநாளே பாத்தேன். அதோட வயித்துல கறுப்பா நிறைஞ்சு இருந்துச்சு. தொட்டி அடியில காலி ஓடு ஒண்ணு.

— தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நாளும்...

— ஒவ்வொரு தடவையும் அந்த ஓட்டை உறிஞ்சி எடுத்து வெளியே கொட்டினேன். அனோஜ் கண்ணுல பட்டுடக் கூடாது, உங்களுக்கும் நான் பாத்துட்டேன்னு தெரியக் கூடாதுன்னு. தெரிஞ்சா நீங்க நிறுத்திடுவீங்க.

— அப்ப... நீர் அளந்தது?

— இதை நான் கணக்குல சேக்கவே இல்ல. இதுக்கு முந்தினது செத்த அன்னிக்கே என் வேலை முடிஞ்சுடுச்சு அங்கிள்.

— முடிஞ்சுதோ? அப்ப நீர் எப்பவோ போயிருக்கலாமே. அப்பா உயிரோட கிடக்கிறார். அண்ணன் விடாமல் அடிக்கிறார். என்னத்துக்குப் பிள்ளை இந்தக் குளிருக்குள்ள வந்து நிண்டனீர்?

— குழாய் வேணாம்னு சொன்னது வீட்ல இல்ல அங்கிள். டாக்டர்னு எல்லாரும் என்னைக் கேட்டாங்க, நான்தான் சொன்னேன்... இப்ப யாரு ரூமுக்குள்ள போனாலும் அப்பா சோத்துக்கு வாயைத் திறக்கறாராம்.